‘ஸ்பீக் அப்’ என்றார் நீதிபதி

கூண்டில் ஏறி நின்றேன். மரக் கைப்பிடி வழவழவென்று இருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் வியர்த்த கையோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ, அவ்வளவு வழவழப்பு.

நீதிபதி ஐயா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஊரைக் கேட்டார். ராஜபாளையம் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொல்வேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னார். அதையும் பண்ணினேன்.

எல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பக்கத்தில் டைப் அடிக்கிற பெண்ணும் விரலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, சத்தமா சொல்லுங்க. ஒண்ணும் கேக்கல.”

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பெயர், ஊர், சத்தியம்.

“ஸ்பீக் அப்மா. ஸ்பீக் அப்.”

அப்போதுதான் எனக்கே விளங்கியது. என் உதடு அசைந்திருக்கிறது, நாக்கு புரண்டிருக்கிறது, ஆனால் குரல் வரவில்லை. சத்தியம் பண்ணினேனே, அதுகூட வெறும் வாயசைப்பாகத்தான் போயிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில், சித்திரை வெயிலில், அத்தனை பேர் முன்னால் இது நடந்தது. இந்தத் தொடரில் இந்த நாள் எப்போது வரும் என்று நானே ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். வந்துவிட்டது. ஆனால் கூண்டில் என்னைச் செத்த நேரம் அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். போகாமல் இருந்தால் உங்களுக்கு விளங்காது.

பேரு பேச்சி

என் பெயர் பேச்சியம்மாள். எங்கள் குலசாமி பெயர் அது. பேச்சி என்று பெயரை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை பேசமாட்டேன் என்கிறதே என்று சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். தினமும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பேன். வாத்தியார் பெயரைக் கூப்பிடுவார். ‘உள்ளேன் ஐயா’ என்பேன். அவர் காதில் விழாது. வரவில்லை என்று போட்டுவிடுவார். வருஷக் கடைசியில் பார்த்தால் பாதி நாள் நான் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. காகிதம் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்தத் தொடரைப் படித்துவிட்டு, “ஏட்டி, பேச்சியா இதெல்லாம் எழுதுறா?” என்று தெருவில் கேட்டவர்கள் உண்டு. பேச்சிதான் எழுதுகிறாள். பென்சிலில் எழுதுகிறாள். தப்பு வந்தால் அழிக்கலாம் இல்லையா.

உதட்டுப் பேச்சு

பதினெட்டு வயசில் ராஜபாளையத்தில் நூற்பு மில்லுக்கு வேலைக்குப் போனேன். நூல் சுற்றுகிற மிஷின் வரிசையாக ஓடும் பெரிய ஹால். உள்ளே காலை வைத்ததும் சத்தம் முகத்தில் வந்து அறையும். பக்கத்தில் நிற்கிறவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். மிஷின்களுக்கு மேலே தண்டவாளம் போட்டு, பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளுகிற இன்னொரு மிஷின், தலைக்கு மேல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அது வந்து கடக்கும்போது கொஞ்சநஞ்சம் கேட்பதும் கேட்காது. இமை மயிரில் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

அங்கே யாரும் குரலில் பேசமாட்டோம். உதட்டில் பேசுவோம். இருபதடி தள்ளி நிற்கிறவள் என்ன குழம்பு வைத்தாள் என்பதை அவள் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். உதடு போதாத இடத்தில் கை. மேலுதட்டை இரண்டு விரலால் தடவினால் மீசைக்கார சூப்பர்வைசர் வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். உள்ளங்கையை வயிற்றுக்கு நேராக விரித்து, நெஞ்சு வரைக்கும் தூக்கினால், ‘விளங்கல, நல்லா வாயத் தெறந்து சொல்லு’ என்று அர்த்தம். இந்தக் கடைசிச் சைகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த ஹால் சொர்க்கமாக இருந்தது. யாருக்கும் குரல் வேண்டாத இடம். வெளியே ஊமை மாதிரி இருக்கிற நான் அங்கே நாள் பூராவும் பேசினேன்.

என் பக்கத்து மிஷின் எஸ்தருக்கு. என்னைவிட இரண்டு வயசு மூத்தவள். சர்ச்சில் அவள் பாடினால் மற்றவர்கள் பாடுவதே கேட்காது. அப்படிப்பட்ட தொண்டை. எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவள்தான். இன்றைக்கும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள்.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், மாப்பிள்ளை எப்படி என்று எஸ்தர் நச்சரித்தாள். உதட்டில் சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. உள்ளங்கையைத் தூக்கினாள். நான் கிட்டே போய் அவள் காதில் வாயை வைத்து, என் ஆயுசிலேயே முதல் தடவையாகக் கத்தினேன்.

“காது ரெண்டும் மொறம் மாதிரி இருக்கு!”

அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது. அத்தனை மிஷினும் நின்றுவிட்டது. முறம் மட்டும் ஹால் முழுக்க எதிரொலித்தது. நான்காவது மிஷினுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் மெதுவாகத் தலையை நீட்டினார். அவர் மாப்பிள்ளைக்கு அண்ணன். அவருக்கும் அதே காது.

கல்யாணம் நடந்தது, கவலைப்படாதீர்கள். போன வாரம் எழுதிய கல்யாணப் புடவைக்கு முந்திய கதை இது. ஆனால் அன்றைக்கு என் தொண்டையில் ஒரு பூட்டு விழுந்துவிட்டது. பக்கத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் போதும், என் குரல் தானாக உள்ளே போய்விடும். உதடு மட்டும்தான் பேசும்.

வீட்டில் அது குறையாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் காதுக்கு நான் முணுமுணுப்பதெல்லாம் கேட்கும். அடுப்படியில் நான் எனக்குள் சொல்லிக்கொள்வதற்கு வாசலிலிருந்து பதில் சொல்வார். அவர் போன பிறகு, என் முணுமுணுப்பைக் கேட்க ஆளே இல்லாமல் போய்விட்டது.

உள்ளங்கையில் குத்திய சாவி

இனி செல்வி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெண். அந்த ரூட்டில் அப்போது வேறு பெண் டிரைவர் கிடையாது. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், இட்லி அவிக்கிற கைக்கு எதற்கு ஸ்டியரிங் என்று கேலி பேசுவார்கள். ஆட்டோவைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, முதல் ஆளாக வந்து நிறுத்துவாள். வீட்டில் படுத்த படுக்கையாக அவள் அம்மா. அவள் ஓட்டினால்தான் அடுப்பெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் அவள் ஆட்டோவுக்காகக் காத்திருப்பேன். காரணம் என் முழங்கால். எனக்கு இறங்க நேரமாகும். மற்ற ஆட்டோவில் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், நான் ஒரு காலைத் தரையில் வைத்ததும் நகர்ந்துவிடுவார்கள். செல்வி அப்படி இல்லை. இன்ஜினை அணைப்பாள். சாவியை உருவிக்கொண்டு அவள் சீட்டிலிருந்து இறங்குவாள். சுற்றி வந்து கையை நீட்டி, “அவசரமில்ல ஆச்சி, மெதுவா எறங்குங்க” என்பாள். அந்தக் கையில் சாவி இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சாவி என் உள்ளங்கையில் குத்தும். நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவாளோ என்று பயம்.

அன்றைக்கும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் இடது ஓரம். பால்கோவாக் கடையில் பால் சுண்டுகிற வாசனை. ஆட்டோவில் நான் ஒருத்திதான். செல்வி கை கொடுத்தாள், சாவி குத்தியது, ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே. டமாரென்று பின்னால் ஒரு இடி. ஆட்டோ குலுங்கி நான் செல்வி தோளில் போய் விழுந்தேன்.

திரும்பிப் பார்த்தால் ரோட்டில் ஒரு பைக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு மனுஷர் காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். வ. புதுப்பட்டி என்கிற ஊர்க்காரர், விவசாயி. செல்விதான் முதலில் ஓடி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

கூட்டம் கூடியது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள்தான் அத்தனை பேரும். நடந்தபோது ரோட்டில் யாரும் இல்லை. ஆனால் ஒரு குரல், “பொம்பள வண்டி ஓட்டுனா இப்பிடித்தான், பாக்காம திருப்பிருப்பா” என்றது. இரண்டாவது குரல் “ஆமா, திருப்பிட்டா” என்றது. மூன்றாவது குரல் திருப்பியதைக் கண்ணால் பார்த்தேன் என்றது.

போலீஸ்காரர் வந்தார். தன்மையாகத்தான் கேட்டார். நீங்க ஆட்டோல இருந்தீகளா, என்ன நடந்துச்சு, சொல்லுங்க என்றார். நான் சொன்னேன். வண்டி நின்றுகொண்டிருந்தது, இன்ஜின் அணைந்திருந்தது, ஓட்டுகிற சீட்டில் ஆளே இல்லை, அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றது. எல்லாம் சொன்னேன். பக்கத்தில் மதுரை பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

அவர் என் வாயையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், “பயந்துட்டாங்க போல, பேச்சே வரல. விடுங்க” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிக்கொண்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பாவமாகப் பார்த்தாள். நான் பயந்துவிட்டதாக அவளும் நினைத்துவிட்டாள்.

மில்லில் கேட்ட இங்கிலீஷ்

கேஸ் இரண்டு வருஷம் நடந்தது. தண்டனை என்று ஆனால் லைசென்ஸ் போய்விடும், அதோடு ஆட்டோவும் போய்விடும் என்று எஸ்தர் விசாரித்து வந்து சொன்னாள். நான்தான் வக்கீலிடம் போகலாம் என்று எஸ்தரைக் கிளப்பினேன். எஸ்தர் பேசினாள், நான் தலையை ஆட்டினேன்.

செல்விக்கு ஆஜரான வக்கீலம்மா சின்ன வயசு. கேட்டதும் துள்ளி எழுந்துவிட்டார். “ரெண்டு வருஷமா இப்பிடி ஒரு சாட்சியத்தான் தேடுறேன். ஆச்சி பயந்துட்டாங்க, அவங்கள இழுக்காதீங்கன்னு செல்வி பேரே சொல்லமாட்டேன்னுட்டா. சீட்ல ஆளே இல்லன்னு சொல்ல ஒரு வாய் போதும்” என்றார். அந்த வாய் என்னுடையது. எழுதிக் கொடுத்தால் ஆகாதாம், கூண்டில் நின்று வாயால்தான் சொல்ல வேண்டுமாம்.

பிறகு மூன்று தடவை வரச்சொல்லிப் பழக்கினார். அவர் ரூமில் காத்தாடி ரிப்பேர், பேப்பரால் விசிறிக்கொண்டே பழகினோம். அங்கே எனக்குக் குரல் வந்தது. சின்னதாக வந்தது. கடைசி நாளில் அவர் ஒன்று சொன்னார். “எங்க ஐயாவுக்கு ஒரு வழக்கம். சாட்சி முணுமுணுத்தா ‘ஸ்பீக் அப்’னு சொல்லுவாரு. கோவப்படுறாருன்னு நெனச்சுப் பயந்துறாதீங்க. சத்தமாப் பேசுங்கன்னுதான் அர்த்தம்.”

எனக்கு அது புரியவில்லை. ஸ்பீக் என்றால் பேசு. அது தெரியும். அப் என்றால் மேலே. அதுவும் தெரியும். இதில் சத்தம் எங்கே இருக்கிறது? இதைக் கேட்கவே எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அவர் சிரித்துவிட்டார். இங்கிலீஷில் அப்படித்தானாம். ஒரு சொல்லுக்குப் பின்னால் மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து வேறு வேலை செய்யுமாம். தனித்தனியாகப் பிரித்து அர்த்தம் பார்க்கக் கூடாதாம்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குத் திடீரென்று பொறி தட்டியது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தானே! எஸ்தரின் தொடையில் அடித்து உதட்டால் சொன்னேன்.

“ஏட்டி, பிரேக் டவுன்!”

பஸ்தான் நின்றுவிட்டது என்று எஸ்தர் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நான் சொன்னது மில் பிரேக் டவுனை. மிஷின் கெட்டு நின்றுவிட்டால் பிரேக் டவுன். மிஷின் உடையவும் இல்லை, கீழே விழவும் இல்லை. பேர் மட்டும் அது. பண்டிகைக்கு மில்லையே நிறுத்தினால் ஷட் டவுன். புது நூலுக்கு மிஷினை மாற்றி வைத்தால் செட் அப். வேலை இல்லை, வீட்டில் இருங்கள் என்று கேட்டில் தாள் ஒட்டினால் லே ஆஃப். எங்கள் பக்கம் அந்தக் கடைசிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாத குடும்பமே கிடையாது. முப்பது வருஷமாக நாங்கள் இங்கிலீஷைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம், அது இங்கிலீஷ் என்றே தெரியாமல்.

வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியாக ‘ஸ்பீக் அப்’ எழுதினேன். மற்றதெல்லாம் மில்லுக்கு. இது ஒன்றுதான் மனுஷிக்கு என்று அதன் கீழே கோடு போட்டேன்.

இன்னொன்றும் வக்கீலம்மா சொல்லியிருந்தார். தனக்குப் பேச வழியில்லாமல் ஒருத்தர் நிற்கும்போது, அவருக்காக இன்னொருத்தர் எழுந்து பேசுவதற்கும் இங்கிலீஷில் இதே சொல்தானாம். அதையும் எழுதிக்கொண்டேன். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத சந்தோஷம் அது.

பின் பெஞ்சில் எஸ்தர்

சரி, கூண்டுக்கு வருவோம். பாவம், நான் அங்கேயே நிற்கிறேன்.

வாசலில் கோர்ட் சேவகர், அதாவது டவாலி, என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். உள்ளே வக்கீல்கள், கட்டுக் கட்டாகப் பேப்பர், வெயில். ஒரு ஓரத்தில் செல்வி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு பெஞ்சில் புதுப்பட்டிக்காரர், ஊன்றுகோலோடு. பின் பெஞ்சில் எஸ்தர்.

நீதிபதி ஐயா இரண்டாவது தடவை ‘ஸ்பீக் அப்’ என்றதும் எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரிந்தது. காலண்டர் தாளில் கோடு போட்டது கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் அர்த்தம் தெரிந்தால் தொண்டை திறந்துவிடுமா? உதடு மட்டும் வேகமாக ஓடியது. வண்டி நின்னுச்சு, சீட்ல ஆளே இல்ல, எங்கையப் பிடிச்சிருந்தா. எல்லாம் உதட்டில்.

அந்த நேரம் பார்த்து எஸ்தர் ஒரு காரியம் பண்ணினாள். அவள் வேண்டுமென்று பண்ணவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்காது. அவளுக்கு என் உதடு நன்றாக விளங்குகிறது, மற்றவர்களுக்கு விளங்கவில்லை என்றும் தெரிகிறது. உள்ளங்கையை வயிற்றுக்கு நேராக விரித்து நெஞ்சு வரைக்கும் தூக்கினாள். அதோடு விட்டாளா? உதட்டால், ‘சீட்ல ஆளில்லைங்கத நல்லா சொல்லுட்டி’ என்றும் சொன்னாள்.

அரசு வக்கீல் பார்த்துவிட்டார். சட்டென்று எழுந்தார்.

“ஐயா, பின்னால இருந்து சாட்சிக்குச் சொல்லிக் குடுக்கிறாங்க. சைகை காட்டுறாங்க. நான் பாத்தேன்.”

ஹாலே திரும்பி எஸ்தரைப் பார்த்தது. நீதிபதி ஐயா அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எஸ்தர் எழுந்தாள். அவள் தொண்டைதான் தெரியுமே.

“நா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்கய்யா. அவதான் எனக்குச் சொல்லுதா. அம்புட்டும் சொல்லிட்டா. உங்களுக்குத்தான் கேக்கல.”

சிரிப்பு. நீதிபதி ஐயா சிரிக்கவில்லை. எஸ்தரை வெளியே போகச் சொன்னார். போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் ஏதாவது செய்துவிடுவோம் என்று அவளுக்கே பயம்.

நீதிபதி ஐயா வக்கீலம்மாவிடம், உங்கள் சாட்சியால் பேச முடியாவிட்டால் இதோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். வக்கீலம்மா ஒரு நிமிஷம் ஐயா, ஒரு நிமிஷம் என்று கெஞ்சினார். செல்வி தரையைப் பார்த்தாள். போலீஸ்காரர் நோட்டை மூடிய அன்றைக்குப் பார்த்த அதே முகம்.

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மேலே பார்த்தேன்.

தலைக்கு மேலே

மேலே காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. பழைய காலத்துக் காத்தாடி. கடகடவென்று ஆடிக்கொண்டே சுற்றியது. நீளக் கம்பியில் சரியாக என் தலைக்கு மேலே. கடகட, கடகட.

மில்லில் தலைக்கு மேல் ஓடுமே, அதே சத்தம்.

அன்றைக்கு ரோட்டில் மதுரை பஸ் உறுமியது. இன்றைக்கு இந்தக் காத்தாடி. வக்கீலம்மா ரூமில் காத்தாடி ரிப்பேர், அதனால் அங்கே குரல் வந்தது! எனக்குப் பயம் இல்லை. என் தொண்டைக்குப் பயம் இல்லை. இது மில்லு என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்கு வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.

கையைத் தூக்கினேன். மேலே காட்டினேன். நீதிபதி ஐயா மேலே பார்த்தார். எல்லாரும் மேலே பார்த்தார்கள். இரண்டு விரலைச் சேர்த்துச் சுவிட்சைக் கீழே தள்ளுகிற மாதிரிக் காட்டினேன். மில்லில் மிஷினை நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை.

“ஃபேன நிறுத்தணுமா?”

தலையை ஆட்டினேன்.

நல்ல சித்திரை மாசம். வக்கீல்கள் எல்லாம் கழுத்து வரைக்கும் கறுப்புக் கோட்டு. ஒருவர் ‘அய்யய்யோ’ என்று மெதுவாகச் சொன்னார். நீதிபதி ஐயா கைக்குட்டையை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டார். பிறகு டவாலியைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு மேலே இருந்தது நின்றது. அவர் தலைக்கு மேலே இருந்ததையும் நிறுத்தச் சொன்னார். ஜன்னல் பக்கத்துக் காத்தாடியும் நின்றது.

இறக்கை மெதுவாகி, மெதுவாகி நின்றது. பிறகு ஒரு அமைதி. கரண்ட் போன அன்றைக்கு மில்லில் விழுந்த அதே அமைதி. அன்றைக்கு அந்த அமைதியில் என் முறம் மாட்டிக்கொண்டது. இன்றைக்கு எனக்குச் சொல்ல வேறொன்று இருந்தது.

“எம் பேரு பேச்சியம்மாள்” என்றேன்.

என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. டைப் அடிக்கிற பெண் திடுக்கிட்டு விரலை வைத்தாள்.

“ராஜபாளையம். முப்பது வருஷம் மில்லுல வேல பாத்தேன். அங்க யாரும் கொரல்ல பேசமாட்டோம், ஒதட்டுலதான் பேசுவோம். அந்த எஸ்தரு எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்கய்யா. நல்லாச் சொல்லுன்னா, அவ்வளவுதான். தலைக்கு மேல மிஷினு ஓடுனா எனக்குச் சத்தம் வராது. இப்ப வருது. இப்பக் கேளுங்க.”

வக்கீலம்மா கேட்டார். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை பேப்பரில் சொட்டியது. பைக் வந்ததை நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“அப்போ ஆட்டோ திரும்பலன்னு நீங்க எப்பிடிச் சொல்றீங்க?”

“ஓட்டுற ஆளு எங்கையப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கா. வண்டிய யாரு திருப்புவா?”

யாரோ சிரிப்பை விழுங்குகிற சத்தம். அவர் விடவில்லை. சாவி அவள் கையில் இருந்தது என்று இரண்டு வருஷம் கழித்து எப்படி ஞாபகம் வரும் என்று கேட்டார்.

“குத்துச்சுங்கய்யா. எப்பவும் குத்தும். முப்பது வருஷம் அறுந்த நூல ஒட்டுன வெரலு இது. கண்ணு பாக்கறதுக்கு முந்தி இதுக்குத் தெரியும்.”

அன்றைக்கே போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று கடைசியாகக் கேட்டார். நான் செல்வியைப் பார்த்தேன். இந்தப் பதில் அவருக்கு இல்லை, அவளுக்கு.

“சொன்னேன். எல்லாம் சொன்னேன். பயமெல்லாம் இல்ல. பக்கத்துல பஸ்ஸு நின்னுச்சு, எனக்குச் சத்தம் வரல.”

செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் சொன்னதையெல்லாம் டைப் அடித்துப் படித்துக் காட்டினார்கள். என் பேச்சை இன்னொருத்தர் வாயால் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டேன். இறங்கப் போனேன்.

“அம்மா,” என்றார் நீதிபதி ஐயா. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இப்ப ஃபேனப் போட்டுக்கிறலாமா?”

“போட்டுக்கோங்கய்யா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அப்போதுதான் அவர் சிரித்தார்.

வராந்தாவில்

வெளியே எஸ்தர் ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

“வெளிய வரைக்கும் கேட்டுச்சுட்டி. இங்க டீக் குடிச்சுக்கிட்டு நின்ன ஆளு, உள்ள யாரு கத்துறாங்கன்னு கேட்டான். எங்க பேச்சின்னேன்.”

புதுப்பட்டிக்காரர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். எனக்கு என்ன சொல்வாரோ என்று இருந்தது. அவர் கும்பிட்டார். விழுந்தது மட்டும்தான் தனக்கு ஞாபகம் என்றார். ஆட்டோ திரும்பியது என்று கூடியவர்கள் எல்லாரும் சொன்னார்கள், அதையே தானும் நம்பிவிட்டதாகச் சொன்னார். “நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு தாயி. அது இப்பத்தான் நெனவுக்கு வருது” என்றார். அவர் பொய்க்காரர் இல்லை. என் பேச்சு கேட்காமல் போனதால், அவர் நம்புவதற்கு ஊர்ப் பேச்சுத்தான் கிடைத்திருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். செல்வி குற்றவாளி இல்லை என்று வந்தது. அன்றைக்கும் நாங்கள் போயிருந்தோம். எஸ்தர் அங்கேயே மண்டிபோட்டு ஜெபம் பண்ணிவிட்டாள். எங்களை ராஜபாளையம் கூட்டிக்கொண்டு வந்தது செல்விதான். வேறு ஆளே ஏற்றவில்லை. வழி நெடுக எஸ்தர் பாடிக்கொண்டு வந்தாள். நான் ‘ஸ்பீக் அப்’புக்கு அர்த்தம் சொன்னேன், மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டினால் சொல் எப்படி மாறும் என்று சொன்னேன், பிரேக் டவுன் சொன்னேன், ஷட் டவுன் சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் செல்விக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

என் தெரு முக்கில் ஆட்டோ நின்றது. இன்ஜின் அணைந்தது. செல்வி சாவியை உருவிக்கொண்டு சுற்றி வந்து கையை நீட்டினாள்.

“அவசரமில்ல ஆச்சி.”

சாவி உள்ளங்கையில் குத்தியது.

“எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல” என்றேன். அந்தத் தெருவில் நான்கு வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.